என் பெயரில் ஒரு வளவு

எங்கள் ஊரில் ஆண்களுக்கு வீடு கிடையாது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் ஐயோ பாவம் என்று பார்க்கிறார்கள். பாவப்பட ஒன்றுமில்லை, ஏற்பாடே அப்படித்தான். கல்முனைக்குடியில் ஓர் ஆண் உம்மாவின் வீட்டில் பிறப்பான். மீசை அரும்பியதும் தங்கைக்கு வீடு கட்டத் தொடங்குவான். பிறகு கல்யாணம் முடித்து மனைவியின் வீட்டில் போய் இருப்பான். கடைசியில் அவனுக்கென்று ஆறடி நிலம் கிடைக்கும். அதற்கும் யாரும் உறுதிப் பத்திரம் எழுதித் தருவதில்லை.

நானும் ஆறு வருடங்களுக்கு முன் ஒரு சூட்கேசோடு மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவன்தான். நல்ல வீடு, நல்ல மாமி. ஒருநாள் முன் ஹோலில் நேரம் பார்க்க ஒரு மணிக்கூடு மாட்ட ஓர் ஆணி அடிக்கவா என்று கேட்டேன். "அடிங்க மருமகன், உங்கட ஊடுதானே" என்றார் மாமி. சொன்னவர் போகவில்லை. சுத்தியல் என் கையில் இருந்த நேரம் முழுவதும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சுத்தியலை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, மணிக்கூட்டைக் கொண்டுபோய் என் கடையில் மாட்டினேன்.

கடை என்பது சாய்ந்தமருதில் நான் வைத்திருக்கும் ஃபோன் பழுதுபார்க்கும் கடை. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்து இப்போது கத்தாரில் வேலை செய்யும் ஒரு கூட்டாளிதான் ஃபோனில் விளையாடும் ஒரு கேமை எனக்குக் காட்டினான். உலகம் முழுவதும் ஆட்கள் ஒரே நேரத்தில் விளையாடுவது. அதில் வேளாண்மை செய்யலாம், பட்டறையில் கத்தி அடிக்கலாம், மீன் பிடிக்கலாம். நான் மீன் பிடித்தேன். கடையிலிருந்து கடல் ஐந்து நிமிட நடை. ஆனாலும் மனிதனுக்கு ஃபோனுக்குள் பிடிக்கிற மீன்தான் ருசி.

மீனை விடுவோம். அந்தக் கேமில் வீடு வாங்கலாம். கடலோரத்தில் வேலி போட்ட ஒரு துண்டு நிலம், ஒரு வளவு, அதில் வீடு, வாசலில் பலகை, பலகையில் உங்கள் பெயர். சுவரில் எத்தனை ஆணி வேண்டுமானாலும் அடிக்கலாம். அந்தப் பலகையைப் பார்த்த நாளிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. என் வாழ்நாளில் ஒரு வீட்டு வாசலில் என் பெயர் இருக்க வேண்டும். அது மின்சாரத்தால் கட்டிய வீடாக இருந்தாலும் பரவாயில்லை.

அங்கே போய்ப் பார்த்தால் அங்கேயும் காணித் தட்டுப்பாடு. எங்கள் ஊரில் காணி இல்லை என்பது எனக்கு விளங்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவில் கிடக்கிற கீலத்தில் இத்தனை சனம். ஒரு வளவை நான்கு பெண்பிள்ளைகளுக்குப் பிரித்து, இரண்டு வீட்டுக்கு நடுவே ஆள் பக்கவாட்டில் நடந்து போகிற அளவுக்கு வந்துவிட்டோம். அல்லாஹ் படைத்த நிலத்துக்கு ஓர் அளவு உண்டு, ஏற்றுக்கொள்கிறேன். இந்தக் கேம்காரர்கள் படைத்த நிலத்துக்கு ஏன் அளவு? ஒரு பொத்தானை அமுக்கினால் இன்னொரு கரை முளைக்காதா? அதற்கு அவர்கள் சொல்லும் நியாயம், எல்லாருக்கும் வீடு கொடுத்தால் வீட்டுக்கு மதிப்பில்லாமல் போய்விடுமாம். இந்த நியாயத்தை எங்கள் ஊர்க் கல்யாணப் புரோக்கர் ஒருவர்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

வளவு காலியானால் குலுக்கல் போடுவார்கள். வீட்டுக்காரர் ஆறு வாரம் உள்ளே வராவிட்டால் வீட்டை இடித்துவிடுவார்கள், அப்போதுதான் வளவு காலியாகும். ஆக, யாரோ ஒருவனுக்கு வேலை கிடைத்து, அல்லது கல்யாணமாகி, அல்லது புத்தி வந்து அவன் கேமை விட்டுப்போனால்தான் இன்னொருவனுக்கு வீடு. நான் பதினொரு தடவை பெயர் கொடுத்தேன். பதினொரு தடவையும் "இம்முறை உங்களுக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். எனக்கு விழாத வளவுகள் யாருக்கு விழுந்தன என்று பார்க்கப் போனேன். ஒரு தெரு முழுக்க ஒரே ஆளின் வீடுகள். ஒருவருக்கு ஒரு வீடு என்பதுதான் சட்டம். அவர் ஒருவராக இல்லை, அவ்வளவுதான். வேறு வேறு பெயர்களில் கணக்குத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வீடு எடுத்திருந்தார். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது, ஒரு வீட்டிலும் ஆள் இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு நீதி, சமத்துவம், மனச்சாட்சி எல்லாம் போட்டுக் கேம்காரர்களுக்கு நீளமாக ஒரு முறைப்பாடு எழுதி அனுப்பினேன். அனுப்பிய கையோடு தங்கையின் பெயரில் ஒரு கணக்குத் திறந்தேன். அது மோசடி இல்லை, குடும்ப ஒத்துழைப்பு. தங்கை பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். உம்மாவோடு இருக்கிறாள். கணக்குத் திறந்து கொடுத்ததும் அவள் பாட்டுக்குக் கேமில் கத்தரி நட்டுக்கொண்டிருந்தாள். குலுக்கல் வந்தால் இரண்டு பெயரும் போகும்.

பன்னிரண்டாவது தடவை விழுந்தது. என் பெயரில்தான் விழுந்தது. காலை பத்து மணி, கடையில் ஒரு மீன் வியாபாரி தன் ஃபோனுக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று காத்திருந்தார். நான் கத்தார்க் கூட்டாளிக்கு உடனே கோல் எடுத்தேன். கடலோரத்தில் வளவு விழுந்துவிட்டது, வீடும் வந்துவிட்டது, என் பெயரில்தான் என்று ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னேன். அந்த மனிதரின் ஃபோனை எவ்வளவு கவனமாகத் துடைத்துக் கொடுத்தேன் என்பது இப்போதும் நினைவிருக்கிறது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே அஸர் தொழுகைக்கு முன்னே உம்மா ஓட்டோவில் கடை வாசலில் வந்து இறங்கினார். கதிரை போட்டேன், உட்காரவில்லை. மருதமுனையில் இருந்து தங்கைக்கு ஒரு சம்பந்தம் பேசி, ஏறக்குறைய முடிகிற கட்டத்தில் இருந்தது. அவளுக்கு உம்மாவின் வளவிலேயே நான் கட்டிக்கொண்டிருந்த வீடு மேலே கொங்கிரீட் பிளேட் போட்ட அளவில் நின்றது. கதவு, யன்னல் இன்னும் இல்லை. இந்த நேரத்தில் மூத்தவன் தன் பெயரில் கடற்கரையில் ஒரு வீட்டை இரகசியமாக வாங்கி வைத்திருக்கிறான் என்று ஊர் பேசுகிறது.

"தங்கச்சிக்குக் கதவில்லாத ஊடு, ஒனக்குக் கடக்கரைல ஊடா மனே?" என்றார் உம்மா.

நான் விளக்கினேன். ஃபோனில் இருக்கிற வீடு, கையால் தொட முடியாது, யாரும் குடியிருக்க முடியாது என்றேன். விளக்க விளக்க உம்மாவின் முகம் இருண்டது. குடியிருக்க முடியாத வீட்டுக்கு ஏன் கடை அதிரச் சந்தோசப்பட்டாய் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மாப்பிள்ளையின் மாமா எங்கள் உம்மா வீட்டுக்கு வந்தார். நெசவுச் சாலை வைத்திருப்பவர், நிதானமான மனிதர். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, கடற்கரை வீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார். நான் ஃபோனை நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓர் அரை மணித்தியாலம் பார்த்தார். எத்தனை அறை என்று கேட்டார். கிணறு எந்தப் பக்கம் என்றார். கடல் இவ்வளவு கிட்ட இருக்கிறதே, அரிப்பு வராதா என்று கவலைப்பட்டார். இது வெறும் விளையாட்டு என்பது அவருக்கு விளங்கவில்லையோ என்று நான் மறுபடி ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வெளங்குது தம்பி. இது ஃபோனுக்குள்ள இரிக்கிற ஊடு, பொய் ஊடு. சரி. ஆனா இது ஆர்ர பேர்ல இரிக்கி?"

உம்மா என்னைப் பார்த்தார். அறைக்குள்ளே நிலைக்குப் பின்னால் நின்ற தங்கையின் கால் நிழல் தெரிந்தது. எனக்கு விளங்கிவிட்டது. பொய் வீடாக இருந்தாலும், தங்கை இருக்கத் தன் பெயரில் வீடு வைத்திருக்கிற ஒரு காக்கா, அதாவது அண்ணன், மெய்யான காக்காதான். நாளைக்கு அந்தக் கதவையும் யன்னலையும் போடுவானா என்று யார் நம்புவது?

ஒரு வீட்டை ஒரே ஒருமுறை இன்னொருவர் பெயருக்கு மாற்றலாம் என்று கேமில் விதி இருக்கிறது. மாற்றியவர் ஆறு மாதம் குலுக்கலுக்குப் பெயர் கொடுக்க முடியாது. தங்கைக்குத்தான் என் புண்ணியத்தில் ஏற்கனவே கணக்கு இருந்ததே! அந்த மனிதர் பக்கத்தில் இருந்து பார்க்கப் பார்க்க மாற்றினேன். பலகையில் என் பெயர் அழிந்து அவள் பெயர் வரும்வரை அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. வந்ததும் அல்ஹம்துலில்லாஹ் என்றார், ஃபாத்திஹா ஓதினார்கள், கல்யாணம் முடிவானது. என் பெயர் அந்தப் பலகையில் மூன்று நாள் இருந்தது.

தங்கை பிறகு தனியாக வந்து, காக்கா எனக்கு அது வேண்டாம், எப்படித் திருப்பித் தருவது என்று கேட்டாள். முடியாது என்றேன். நல்ல பிள்ளை. அன்றைக்கே வீட்டுக்கு ரோஸ் நிறத்தில் திரை போட்டுவிட்டாள்.

மனைவியிடம் ஆறுதல் கிடைக்கும் என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். அப்படியானால் இந்த வீடு உங்களுக்கு என்ன என்று அவள் கேட்டாள். இரண்டு நாள் என் தேத்தண்ணிக்குச் சீனி விழவில்லை.

எனக்கு உண்மையாகவே வயிறு எரிந்தது. யாராவது என் பக்கத்து நியாயத்தைக் கேட்க வேண்டும் என்று அலைந்தேன். அந்த வாரம்தான் மனைவியின் மூத்த காக்கா சவூதியிலிருந்து லீவில் வந்தார். நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர். லீவில் வந்தால் எங்களோடுதான் தங்குவார், முன் ஹோலில் செற்றியில் படுப்பார். அறைகளில் நாங்களும் மாமியும் எங்கள் மூன்று வயது மகளும் இருக்கிறோம், அவருக்கு இடமில்லை. விடிந்ததும் படுக்கையைச் சுருட்டிச் செற்றிக்கு அடியில் வைத்துவிடுவார். பகலில் வருகிற ஒருவருக்கும் அங்கே ஓர் ஆள் படுத்து எழும்புகிறார் என்று தெரியாது.

அவர் சுருட்டி முடித்ததும் நான் முன்னால் இருந்து தொடங்கினேன். பதினொரு தடவை தோற்றது, தெரு முழுக்க வைத்திருக்கிறவன், மருதமுனை மாமா, பலகை, திரை என்று ஒன்றையும் விடவில்லை. கஷ்டப்பட்டுக் கிடைத்ததை ஒருத்தி பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு நிற்கிறேனே, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் அவர் கதைத்தார்.

"மச்சான், அந்தக் கேம்ல ஆம்புளைக்கும் ஊடு குடுக்கானுகளா?"

ஓம் என்றேன். நாங்கள் இருக்கிற இந்த வீட்டைக் கட்டியவர் அவர். அடுத்த தெருவில் இளைய தங்கையின் வீட்டைக் கட்டியதும் அவர்தான். இரண்டையும் முடிக்கும்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, அவருக்குப் பெண் பேசுவதை எல்லாரும் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். நான் ஆணி அடிக்க முடியாத சுவரின் ஒவ்வொரு கல்லும் அவர் வெயிலில் நின்று அனுப்பியது. அந்தச் சுவருக்குள் இருந்துகொண்டு அவரிடமே நியாயம் கேட்ட என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் தன் ஃபோனைத் தந்தார். கேமைப் போட்டுக் கணக்குத் திறந்து கொடுத்தேன். அடுத்த குலுக்கலில் எனக்குப் பெயர் கொடுக்க முடியாது, தடை. அவர் பெயர் மட்டும் போனது. முதல் தடவை, ஒரே தடவை, விழுந்துவிட்டது. பன்னிரண்டு தடவை கொடுத்தவன் பக்கத்தில் நிற்க இவருக்கு முதல் தடவையே! வேறு நாளாக இருந்தால் அதற்கும் ஒரு முறைப்பாடு எழுதியிருப்பேன்.

சின்ன வளவு, கடல்கூட இல்லை, மலையடிவாரம். வாசல் பலகையில் அவர் பெயர் இருந்தது. செற்றியில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார், உள்ளே போய்ப் பார்க்கவில்லை. நானும் பக்கத்தில் இருந்தேன். மகள் வந்து அவர் மடியில் ஏறினாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே ஃபோனை என் பக்கம் நீட்டினார்.

"இத இவட பேருக்கு மாத்திருங்க மச்சான்."

நான் ஃபோனை வாங்கவில்லை. இது உங்கள் பெயரிலேயே இருக்கட்டும் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை.

"அப்ப புள்ளக்கி?"

"புள்ளைக்கு நான் கட்டுவன்" என்றேன்.

கேமில் இல்லை, மெய்யான வீடு. அதை நான் சொன்ன வேகத்தைப் பார்த்து மாமிகூட அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.