பூஜைக்கு வைத்த முதல் இதழ்

மைதாப் பசை கொதிக்கும்போது துளி மயில்துத்தம் போட்டால் ஒரு வாடை எழும்... இதை எழுதும்போதும் மூக்கில் நிற்கிறது. தாளைப் பூச்சி அரிக்காமல் இருக்க ஹாஜிரா சொன்ன வழி அது.

எழுபதுகளின் நடுவில், மலையாள எல்லையோரத்து எருத்தேன்பதியில், நாங்கள் மூன்று பெண்கள் ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்கினோம். பேர் 'நந்தியாவட்டை'. ஒரே பிரதி, வீடு வீடாகச் சுற்றி வரவேண்டும்.

ஹாஜிரா கடைக்காரர் வீட்டுப் பெண். ஜாக்கெட் வெட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பக்கத்துத் தோட்டத்து சரசு படம் வரைவாள். எம்பிராய்டரி கொடி, கோலம், கொண்டை போடும் விதங்கள்... நான் ஐந்தாவதோடு நின்றவள். மளிகை கட்டி வந்த காகிதத்தைப் படித்தே தமிழ் தேறியது. பால் கணக்கு எழுதிப் பழகிய கை என்று எழுதுகிற வேலையை என்னிடம் தள்ளினார்கள்.

பத்திரிகை யார் வீட்டில் இருக்கிறது என்று குறிக்க ஒரு நோட்டும் போட்டேன். பேர், கொடுத்த நாள், திரும்பிய நாள். முதல் பேர் சரசு.

தோட்டத்து ஆட்களுக்குச் சோறு போட்டு, அடுப்பு அணைந்த பிறகு கிடைக்கிற மத்தியானம்தான் எனக்கு நேரம். மூன்று மாதம் ஆயிற்று. முதுகு அப்போதே விட்டுப்போயிற்று.

சரசு தாள் தாளாக வரைந்து கொடுத்துவிட்டுப் போவாள்.

"ஏனுங்க்கா, எம் பேரையும் போடுவீங்களா?"

"பின்னே, போடாம?"

"கல்யாணப் பத்திரிகைக்கு அப்பறம் எம் பேரை எங்கயும் பாக்கலீங்க" என்று சிரிப்பாள்.

அவள் வீட்டுக்காரருக்குக் கம்பம்மெட்டில் ஏலக்காய்க் கடையில் வேலை. தீபாவளி கழிந்து கூட்டிப்போவதாகப் பேச்சு.

நவராத்திரி அஷ்டமியன்று இதழைத் தைத்து முடித்தேன். மலையாளத்து முறைப்படி எங்கள் வீட்டில் அன்று சாயங்காலம் புத்தகங்களைப் பூஜைக்கு வைத்தால், விஜயதசமி காலையில்தான் எடுப்போம். நடுவில் தொடக்கூடாது. முதல் இதழ் சரஸ்வதி கையிலிருந்து வரட்டும் என்று, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

மறுநாள் காலை சரசு மூச்சிரைக்க வந்தாள். கூடவே ஹாஜிரா.

"அவரு வந்துட்டாருங்க்கா. தீபாவளி வரைக்கும் ஆகாதாமா. பதினோரு மணிக்கு கோபாலபுரத்துல பஸ்ஸு. ஒருக்கா காட்டுங்க, பாத்துட்டுப் போயிர்றேன்."

"பூஜையில இருக்குது அம்மிணி. நாளைக்கு எடுத்துர்றேன்."

"நாளைக்கு நான் ஏதுங்க்கா?"

ஹாஜிரா விடவில்லை. "எங்க ஊட்டுல வெச்சிருந்தா இந்நேரம் பாத்திருப்பா. உங்க சாமி ஒரு நிமிசம் கண்ணை மூடிக்காதாக்கா?"

நான் அசையவில்லை. சரசு வாசற்படியிலிருந்தே எட்டிப் பார்த்தாள். பூ மூடியிருந்ததில் அட்டை தெரியவில்லை. "சரிங்க்கா, வந்து பாத்துக்கறேன்" என்று போனாள்.

வரவில்லை. வரைய ஆளில்லாமல் பத்திரிகையும் இரண்டாவது இதழோடு நின்றது. தபாலில் அனுப்பச் சொன்னாள் ஹாஜிரா. இருப்பது ஒரு பிரதி, தொலைந்தால் என்ன செய்ய என்று தள்ளிப்போட்டேன். பிறகு பிள்ளைகள், மாமியார் படுக்கை, என் மூட்டுவலி... தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டே வயதாகிவிட்டது.

இப்போது என் பேத்தி தான் சமைத்ததைப் படமெடுத்து, பேரும் போட்டு, சட்டி ஆறுமுன் ஊருக்கே காட்டிவிடுகிறாள். பூஜையில் வைத்த போன் மணியடித்தால் கை நீட்டி எடுத்துக்கொள்கிறாள்.

போன வாரம் ஹாஜிராவின் மகன் சரசுவின் நம்பரைத் தேடிக் கொடுத்தான். அழைத்தேன். பக்கங்களைப் படமெடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"கண்ணு ரெண்டும் போயிருச்சுங்க்கா. வாயில சொல்லுங்க."

அவள் வரைந்ததை அவளுக்கே ஒவ்வொன்றாகச் சொன்னேன். உம் கொட்டிக் கேட்டாள்.

"எம் பேரு?"

"அட்டையில இருக்குது."

"பெருசா எழுதியிருக்கீங்களா?"

"பெருசாத்தான்."

மூலையில், பொடி எழுத்தில் எழுதியிருந்தேன். பொய் சொன்னதற்கு அம்பாள் என்னைப் பொறுத்துக்கொள்ளட்டும்.

போனை வைத்ததும் அந்தப் பழைய நோட்டை எடுத்தேன். சரசு பேருக்கு நேரே, 'கொடுத்த நாள்' இன்னும் வெறுமையாக இருந்தது. தேதி போடலாமென்று பேனாவைத் திறந்தேன்...

மூடி வைத்துவிட்டேன். கையில் கொடுக்கவில்லையே.