சமதரையா என்று மட்டும் கேட்காதீர்கள்: பாணமைக் கரையில் வேனோடு இரண்டு இரவு

பதுளையில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவனுக்கு ஆகஸ்ட் விடுமுறை என்றால் வருமானமில்லாத மாதம். இந்த ஆகஸ்டில் வேனைச் சும்மா நிறுத்தி வைக்காமல், பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு மூன்று பிளைவுட் பலகைகளால் ஒரு கட்டில் அடித்தேன். அடுப்பு, தண்ணீர்க் கான், ஒரு தார்ப்பாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு குமண தேசியப் பூங்காவுக்குப் பக்கத்தில் கடற்கரையில் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தோம். வேனிலேயே படுத்து எழும்பிப் பயணம் போக நினைக்கிறவர்களுக்காக, குறிப்பாகச் சக்கர நாற்காலியோடு போகிறவர்களுக்காக, இதை எழுதுகிறேன்.

போனது என் மனைவி ராஜேசுக்காக. நான்கு வருடத்துக்கு முன்னால் மழை நாளில் தேயிலை மலையில் கொழுந்துக் கூடையோடு வழுக்கி விழுந்தாள். இடுப்புக்குக் கீழே பிடிப்பில்லாமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நல்ல சக்கர நாற்காலி ஒன்று கொடுத்தார்கள். ஆனால் தெமோதரைப் பக்கத்துத் தோட்ட லயத்தில், மலைச்சரிவில் ஒட்டிக்கிடக்கிற வரிசை வீட்டில், அதை எங்கே உருட்டுவது? வாசலுக்கு வெளியே காலை வைத்தால் படி, படி முடிந்தால் சரிவு. எங்கே போவதென்றாலும் நான் தூக்குவேன், நான் இல்லாவிட்டால் அவளுடைய தம்பி சிவா தூக்குவான்.

கடலுக்குப் போவோமா என்று கேட்டபோது அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "யாரும் என்னைய தூக்கக் கூடாதுங்க. தண்ணிகிட்ட நானாத்தான் போவேன். அதுக்கு முடியும்னா சொல்லுங்க, இல்லாட்டி டிவியிலயே பாத்துக்கிறேன்."

சொந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஏலாத பிள்ளையை எதுக்கு இழுத்தடிக்கிற என்று கேட்டவர்கள் பலர். அப்படிக் கேட்கக் கேட்க எனக்குப் பிடிவாதம் ஏறியது, அது என் பிறவிக் குணம்.

பூங்காவுக்குள்ளேயே கூடாரம் போட முன்கூட்டி அனுமதி எடுக்க வேண்டும், ஜீப்பும் வேண்டும். நம்முடைய வேனை உள்ளே விடமாட்டார்கள். அதனால் பாணமைக்கு அப்பால், கடலை ஒட்டிய தனியார் காணி ஒன்றைப் பிடித்தேன். வேன் நிறுத்த, தண்ணீர், கழிவறை எல்லாம் சேர்த்து ஓர் இரவுக்கு மூவாயிரம் ரூபா. அதை நடத்துகிறவர் பொத்துவிலைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவோம். போனில் மூன்று தடவை கேட்டேன், அங்கே சமதரையா என்று. மூன்று தடவையும் ஒரே பதில்தான் சொன்னார்: "சுத்தமான சமதரை தம்பி. ஒரு மேடு பள்ளம் இல்ல."

மலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? கபடி விளையாடக்கூட ஒரு துண்டு சமதரை கிடைக்காமல் றோட்டில் விளையாடிய ஆட்கள் நாங்கள். சமதரை என்றால் எங்களுக்கு எல்லாக் கஷ்டமும் தீர்ந்த இடம். ராஜேசும் அப்படித்தான் நினைத்தாள், சிவாவும் அப்படித்தான் நினைத்தான்.

விடியற்காலை ஐந்து மணிக்கு மூன்று பேரும் புறப்பட்டோம். பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவ, லகுகல, பொத்துவில் என்று பாணமை வரை ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். பசறை தாண்டி மொனராகலைக்கு இறங்கும் வரை வளைவுகள் அதிகம், பிறகு பாதை நீட்டுக்குக் கிடக்கும். லகுகலவில் யானைகள் றோட்டைக் கடக்கும். பகலில் கடந்துவிடுங்கள், பார்க்கிற ஆசையில் வண்டியை விட்டு இறங்காதீர்கள். டீசலும் சமையல் சாமானும் பொத்துவிலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பாணமைக்குப் பிறகு பெரிய கடை கிடையாது, வண்டி குலுங்கிக்கொண்டுதான் போகும். ராஜேசுக்காக இடையிடையே நிறுத்தி நிறுத்தி நாங்கள் போய்ச் சேரும்போது பகல் ஒரு மணி.

நானா சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. காணி தட்டுப்போல இருந்தது. வேன் நிறுத்தும் இடத்தில் கிறவல் கல் கொட்டி இறுக்கியிருந்தார்கள். அங்கிருந்து கடல் வரைக்கும் ஒரு மேடு இல்லை, பள்ளம் இல்லை. ராஜேசு சிரித்த சிரிப்பைப் பார்த்ததும், எனக்கு ஊர்க்காரர் எல்லாரையும் வரிசையாகக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது.

சாப்பிட்டுவிட்டு, வெயில் தணிந்ததும் அவளே சக்கரத்தைப் பிடித்துக் கிளம்பினாள். கிறவல் முடிந்து மணல் தொடங்கியதும் முன்னாலிருந்த சின்னச் சக்கரங்கள் இரண்டும் அப்படியே புதைந்தன. கையை ஊன்றித் தள்ளினாள். பெரிய சக்கரங்களும் இறங்கின. சிவா நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்துப் பார்த்தான், உழுத மாதிரி இரண்டு கோடு விழுந்ததுதான் மிச்சம், மறுபடியும் கிறவல் ஓரத்துக்கே கொண்டுவர வேண்டியதாகிவிட்டது.

என் கோபம் நானா மேல் திரும்பியது. "என்னங்க நானா, சமதரைன்னு சொன்னீங்களே" என்றேன்.

அவர் நிஜமாகவே குழம்பிப் போனார். "நீங்க சமதரையா எண்டுதானே கேட்டீங்க. கடக்கரையில மணல் இல்லாம வேற என்ன தம்பி இருக்கும்?"

தரை இறுக்கமாக இருக்குமா என்று நான் கேட்கவே இல்லை. மலையில் தரை என்றால் இறுக்கமாகத்தான் இருக்கும், சரிவு மட்டும்தான் பிரச்சினை.

சிவா குனிந்தான். "விடுக்கா, ரெண்டு எட்டுதான், நான் தூக்கிக்கிட்டுப் போறேன்."

"தொடாத" என்றாள். குரல் உயரவில்லை, ஆனால் அவன் கையை எடுத்துவிட்டான். எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்து, கடலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, மறுபடியும் வேனுக்குள் ஏற்றப்போகிறேனே என்று.

அவள் கடலைப் பார்க்காமல் வேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கொழுந்து லொறி சேத்துல மாட்டுனா என்னங்க செய்வாங்க?"

"பலகை போடுவாங்க."

"கட்டில கழட்டுங்க."

மூன்று பலகையையும் கொண்டுவந்தோம். இரண்டை மணலில் ஒன்றையடுத்து ஒன்றாகப் போட்டோம். முதலில் கிறவல் ஓரத்திலிருந்து ஏறினாள், பிறகு இரண்டாவதுக்கு உருண்டாள், அதற்குள் மூன்றாவதை முன்னால் போட்டோம். அவள் தாண்டிய பலகையைச் சிவா ஓடிப்போய் எடுத்து வந்து முன்னால் வைப்பான், நான் ஓரத்தைப் பிடித்துச் சரிசெய்வேன். நாற்காலியில் எங்கள் கை படவில்லை. இடையில் ஒரு தடவை பலகை சாய்ந்து கவிழப் பார்த்தது. நான் என்னை அறியாமல் பிடிக்கப் போனேன். "பலகைய பிடிங்க, என்னைய இல்ல" என்றாள். பாதித் தூரத்தில் நானாவும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேர்ந்துகொண்டார். முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். மூன்று ஆம்பிளைகளும் வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தோம்.

அலை வந்து திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நாங்கள் வந்தபோது, மீன்பிடிக்கிற பையன்கள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் கரையோரமாகப் போனார்கள். டயர் புதையவில்லை. நாங்கள் அடுத்த பலகையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறோம், ராஜேசு அந்த டயர்த் தடத்தையே பார்த்தாள். "வேணாம், எடுங்க அத" என்று சொல்லிவிட்டு, பலகையிலிருந்து நேரே ஈர மணலில் இறக்கினாள். சக்கரம் சிமெந்துத் தரையில் ஓடுகிற மாதிரி ஓடியது. ஓர் அலை வந்து அவள் பாதத்தை நனைத்தது. குனிந்து கையால் அள்ளி முகத்தில் பூசிக்கொண்டாள். பிறகு கரையோரமாகத் திருப்பிக்கொண்டு போக ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை பூங்காவுக்குச் சொல்லி வைத்த ஜீப்பில் சிவாவை மட்டும் அனுப்பினோம். மயிலும் முதலையும் பார்த்துவிட்டு வந்து கதை கதையாகச் சொன்னான். அவளுக்கு அது காதில் ஏறவில்லை, பலகை போடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

போகிறவர்களுக்கு: கிழக்குக் கரைக்கு மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம், வருடக் கடைசியில் மழை. சமதரையா என்று கேட்காதீர்கள், வண்டி நிற்கும் இடத்திலிருந்து தண்ணீர் வரை தரை இறுக்கமா என்று கேளுங்கள். கழிவறை வாசலின் அகலத்தை அளந்து சொல்லச் சொல்லுங்கள். எங்களுக்கு அரை அங்குலம் இடிக்கப் பார்த்தது. கட்டில் அடிப்பதென்றால் ஆணி அடிக்காதீர்கள், திருகாணி போடுங்கள், கழற்ற வேண்டி வரும். நாற்காலியைத் தினமும் நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விடாவிட்டால் உப்பு தின்றுவிடும். அங்கே அலை முரடு. பிரேக்கைப் போடாமல் நாற்காலியை நிற்க விடாதீர்கள், கடல் பக்கமாக ஓர் ஆள் இருக்கட்டும்.

அந்த முதல் நாள் மாலை அவள் கரையோரமாகப் போகும்போது சிவாவைத்தான் கடல் பக்கமாக நடக்கச் சொன்னேன். நான் நின்ற இடத்திலிருந்தே ஒரு படம் எடுத்தேன். அதில் ராஜேசு ஒரு புள்ளி மாதிரித்தான் இருக்கிறாள். கிட்டப் போய் முகம் தெரிகிற மாதிரி எடுத்திருக்கலாமே மாப்பிள்ளை என்று மாமியார் குறைபட்டுக்கொண்டார். அவ்வளவு தூரத்தில் வைத்து அவளைப் பார்த்து நான்கு வருடமாகிறது.