குடிலில் வைத்த சுரங்கக் கல்

எங்கள் ஊரில் கல் என்றால் அம்மிக்கல், ஆட்டுக்கல், எல்லைக்கல், அவ்வளவுதான். வயலில் ஒரு கூழாங்கல் அகப்பட்டால்கூட அது லாரி மணலோடு வந்ததாகத்தான் இருக்கும். அப்பேர்ப்பட்ட வண்டல் பூமியில், எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் மட்டும் ஊதாவும் பச்சையுமாகக் கண்ணாடிக் கற்கள் மின்னும். பார்ப்பதற்குப் பங்குச்சாமியாரே வருவார். எல்லாம் மாமா உபயம். அம்மாவின் தம்பியான அவர் வடக்கே ஏதோ மலைக்காட்டு ஊரில் சுரங்க வேலை பார்த்தார். தாய் தகப்பன் இல்லாததால் எங்கள் வீடுதான் அவருக்கும் வீடு. வருஷா வருஷம் லீவில் வரும்போது எனக்கென்று ஒரு கல் வரும், கூடவே அந்தச் சுரங்கத்தின் கதையும்.

கதை எனக்கு மனப்பாடம். ஆடு மேய்த்தவர் ஒருவர் கனத்த கறுப்புக் கல் ஒன்றை அடுப்புக்கு முட்டுக்கொடுக்க, அதிலிருந்து ஈயம் ஒழுகியதாம். சேதி கேட்டு வெள்ளைக்காரன் வந்து மலையைக் குடைந்தான். ஈயத்தை எடுத்துக்கொண்டு, கூட வந்த கலர்க் கல்லைக் குப்பையென்று அடிவாரத்தில் கொட்டினான். அவன் போய் வெகுகாலம் கழித்து இரும்பு உருக்குகிறவர்கள் தேடி வந்தார்கள். அந்தக் கல்லை உலையில் போட்டால் கசடு இளகிப் பிரியுமாம். ஈயம் தீர்ந்துபோனது, குப்பை சோறு போட்டது. "குப்பை உயரும், கோபுரம் தாழும்" என்று மாமா சிரிப்பார்.

எனக்கு எட்டு வயதான வருஷம் ஒற்றைக் கல்லுக்குப் பதில் ஒரு சாக்கு மூட்டையே வந்திறங்கியது. குடில் மலையாகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் குடிலைப் பிரிக்குமுன்பே, மாமாவுக்குப் பெண் கொடுப்பதற்காக வேதாரண்யம் பக்கத்திலிருந்து வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணின் தகப்பனார் உப்பளக்காரர். கூட அவருடைய அக்கா. சம்பந்தம் மனசுக்குப் பிடித்தால்தான் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பார்கள், அதாவது சாப்பிடுவார்கள். இல்லையென்றால் தண்ணீரோடு சரி. மாமாவோ அந்தப் பெண்ணைக் கோயில் திருவிழாவில் பார்த்ததிலிருந்து தலை வாரவே நேரம் போதாமல் திரிந்தார். அம்மா விடியற்காலையிலிருந்து அடுப்படியை விட்டு வரவில்லை.

இலை போட்டாயிற்று. கை கழுவ எழுந்த உப்பளக்காரர் குடில் முன்னால் நின்று ஒரு கல்லை எடுத்தார்.

"பாப்பா, இதெல்லாம் எந்த ஊர்க் கல்லு?"

கேட்க வேண்டுமா? ஆடு மேய்த்தவரிலிருந்து ஆரம்பித்தேன்.

"யம்மாடி, இது வாயா, வாய்க்காலா!" என்றார் அவருடைய அக்கா.

அதற்குமேல் என்னைப் பிடிக்க முடியுமா? உள்ளே ஓடி, மாமாவின் சுரங்கத் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு, பூட்ஸையும் இழுத்துக்கொண்டு வந்தேன். மாமா என்னவோ ஜாடை காட்டியிருக்கிறார். தொப்பி கண்ணை மறைத்தது.

"எப்பவும் ஒரு கல்லுதான் கொண்டாருவாங்க. இந்தத் தடவ எல்லாத்தையும் கொண்டாந்துட்டாங்க. அங்க ரூம் சாவியக்கூடத் திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டாங்களாம்!"

உப்பளக்காரர் கல்லை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"தம்பி, சொரங்கம் ஓடுதா?"

மாமா இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூடிட்டாங்கங்க. வெளிநாட்டுக் கல்லு கப்பல்ல சல்லிசா வந்து எறங்குது. கல்யாணத்துக்குள்ள வேற வேல பாத்துடலாம்னு..."

அம்மாவுக்கே அப்போதுதான் தெரிந்தது. கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"வேல போறது யாருக்கும் நடக்கும் தம்பி. அத ஒரு சின்னப்புள்ள வாயால நாங்க கேக்குறதா?" என்றார் உப்பளக்காரர்.

ஆளுக்கொரு வாய் தண்ணீர் குடித்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாயிட்டு என்று அக்கா முதலில் படியிறங்கினார்.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்த மாமா, போட்டிருந்த இலையில் உட்கார்ந்து என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார். சோற்றைத் தொடவில்லை. தன் டம்ளர் பாயசத்தையும் என் பக்கம் நகர்த்தினார். அம்மாகூட என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. தொப்பியைக் கழற்றாமலே இரண்டு டம்ளரையும் காலி செய்தேன். கதையை ஓரிடம்கூடத் தப்பாமல் சொன்னதற்குக் கிடைத்த பரிசு என்றே நினைத்தேன்.