விற்கிறவர் கை

நான் பொள்ளாச்சி சந்தையில் மாட்டுத் தரகன். எங்களுக்கு விலை பேச வாய் வேண்டாம். துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடிப்போம். எத்தனை விரல் என்பதுதான் விலை. வாங்குகிறவருக்கு என் வலது கை. விற்கிறவருக்கு இடது கை.

தொண்ணூறுகளில் ஒரு நாள் சந்தையில் நெஞ்சு அடைத்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பைபாஸ் என்றார்கள். இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. உடம்பில் வேறு இடத்துக் குழாயை எடுத்து ஒட்டுப் போட வேண்டும். காலில் எடுப்பதுதான் வழக்கமாம். என் காலில் நரம்பெல்லாம் சுருண்டு கிடந்ததால் அது ஆகாது என்றார்கள்.

"இப்பெல்லாம் கையிலயும் எடுக்கறோமுங்க. இடது கையில எடுத்துக்கலாம்," என்றார் டாக்டர்.

"அது விக்கறவங்க கைங்க," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. என் மனைவி விளக்கினாள்.

"சந்தையில ரெண்டு கையும் வேணுமுங்க இவருக்கு. வாய்தானுங்க சும்மா இருக்கும். ஊட்லயும் அப்படித்தான்."

கைக்கு இரண்டு குழாயில் ரத்தம் வருகிறது, ஒன்றை எடுத்தாலும் மற்றது போதும் என்றார் டாக்டர். சோதித்துப் பார்க்க என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. வலது கை தானாகத் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பேர் கை மேலும் போட்டுவிட்டது.

டாக்டர் துண்டையே பார்த்தார்.

"துண்டை எடுங்க. உள்ளங்கை செவக்குதான்னு பாக்கோணும்."

"ஏனுங்க, டாக்டரு கேக்கற வெலை கட்டுமுங்களா?" என்றாள் மனைவி.

துண்டை எடுத்தேன். அவர் இரண்டு குழாயையும் அழுத்தியதும் உள்ளங்கை வெளுத்தது. சுண்டுவிரல் பக்கத்துக் குழாயை மட்டும் விட்டார். சிவந்தது.

"நல்ல கைங்க. கொஞ்ச நாளைக்கு மரத்தாப்புல இருக்கும்," என்றார்.

மரத்த கைக்கு விலை எப்படித் தெரியும்? எனக்கு அந்தப் பயம்தான். நெஞ்சைப் பற்றி நினைக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது வாயில் குழாய். பேச முடியவில்லை. இடது கையில் முழங்கை வரை கட்டு. விரல் மட்டும் வெளியே.

மச்சான் வந்தார். அவரும் தரகர். என் செவலைப் பசு மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண். போர்வைக்குள் கையை விட்டு என் இடது கை விரலைப் பிடித்தார். அன்று விற்கிறவன் நான்தான்.

எத்தனை விரல் என்று தெரிந்தது. கன்றுக்குட்டிக்குக்கூட அந்த விலை கேட்க மாட்டார்கள். தட்டிவிட்டேன். இன்னொரு விரலைச் சேர்த்துப் பிடித்தார். அதையும் தட்டிவிட்டேன்.

"என்னங்க பண்றீங்க அங்க?" என்றாள் நர்ஸ்.

"கை நல்லாருக்குங்க அம்மணி," என்றார் மச்சான். "எறங்கி வரமாட்டேங்கறாரு."

பசுவை நான் கொடுக்கவில்லை.