இரண்டு மாத்திரை ஒன்றான வருடம்

எங்கள் வீட்டில் கவலைப்படுகிறவன் நான். பிரஷர் என் மனைவிக்கு. இந்த அநியாயத்தைக் கண்டுபிடித்த டாக்டரே சற்றுக் குழம்பித்தான் போனார். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அவருடைய கிளினிக்குக்குத் தலைசுற்றுகிறது என்று போனவன் நான். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றார், ஏமாந்துபோனவர் மாதிரி. வந்ததுதான் வந்தார்கள், கூட வந்தவளுக்கும் பார்த்துவிடலாமே என்று பார்த்தார். நூற்று எண்பது. மறுபடியும் பார்த்தார். அதே நூற்று எண்பது.

"ஏம்மா, உங்களுக்கு உடம்புல எதுவும் தொந்தரவு இல்லையா?"

"இவரு கூட இருக்கறதத் தவிர வேற ஒண்ணும் இல்லீங்க."

டாக்டர் சிரித்தார். கம்பவுண்டர் சிரித்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பதினோரு பேரில் ஒன்பது பேர் சிரித்தார்கள். மற்ற இருவருக்கும் காது மந்தம் என்று பிறகு தெரிந்தது.

நான் புள்ளியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குன்னத்து மக்காச்சோளக் காட்டிலும் வேப்பந்தட்டைப் பக்கத்துப் பருத்திக் காட்டிலும் கயிறு பிடித்து அளந்து, அந்தச் சதுரத்துக்குள் விளைந்ததை அறுத்து எடைபோட்டு, மொத்த மாவட்டத்துக்கும் கணக்குச் சொன்ன கூட்டத்தில் ஒருவன். வேலையில் இருந்தவரை எண்ணுவதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வு பெற்றதும் அதையே வியாதி என்கிறார்கள். என் மனைவிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த அன்று ராத்திரியே அவள் சட்டம் போட்டுவிட்டாள்: "இங்க பாருங்க, வெங்காயத்த எண்ணுங்க, கரண்ட் போற தடவைய எண்ணுங்க. என் மாத்திரைய மட்டும் நீங்க தொடக்கூடாது. எண்ணினீங்கன்னா நான் போடவே மாட்டேன்." ஆக, மாத்திரை அவள் இலாகா. டாக்டரிடம் கூட்டிப்போவதும் கவலைப்படுவதும் என் இலாகா. எந்த அரசு அலுவலகத்திலும் இதைவிடத் தெளிவாக வேலையைப் பிரித்து நான் பார்த்ததில்லை.

காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று என்று இரண்டு மாத்திரை. ஒன்று ரத்தக் குழாயைத் தளர்த்தும், இன்னொன்று இதயத்தை நிதானமாக அடிக்க வைக்கும் என்று டாக்டர் விளக்கினார். உப்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு நான்கையும் நிறுத்தச் சொன்னார். நாங்கள் கருவாடு சாப்பிடுகிறவர்கள் இல்லை என்றேன். "அப்ப அதையும் சாப்பிடாதீங்க" என்றார்.

இப்படியே சில வருடங்கள் ஓடியிருக்கும். அப்போதுதான் கண் வந்து குறுக்கே நின்றது. அவளுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. இடது கண்ணிலும் பனிமூட்டம். அரிசியில் கல் பார்ப்பது என் வேலையாயிற்று. அடுப்பைத் தடவிப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டாள், ஒரே மாதத்தில் மூன்று தடவை. ஆண்டிமடத்தில் இருக்கிற அவள் தங்கை ஒருநாள் வாசலில் வந்து நின்றபோது, "யாரு, பால்காரம்மாவா?" என்று கேட்டாள். தங்கை அழுதுவிட்டாள். இவள் அழவில்லை. "கண்ணு தெரியாட்டி என்ன, மூக்கு வேலை செய்யுது. நீ முந்திரிப்பருப்பு கொண்டாந்திருக்க" என்றாள்.

பெரம்பலூரில் இலவசக் கண் முகாம் நடந்தது. முகாமில் பரிசோதித்து, தேறியவர்களை வேனில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ஆபரேஷன் செய்து, மூன்றாம் நாள் திருப்பி அனுப்புவார்கள். இவளைப் பார்த்த கண் டாக்டர், "நல்லா முத்திப்போச்சு, உடனே எடுக்கணும்" என்றார். அடுத்த மேஜையில் பிரஷர் பார்த்தார்கள். நூற்றெழுபத்தெட்டு. "பிரஷரைக் குறைச்சுக்கிட்டு வாங்க." உடனே எடுக்கவும் வேண்டும், உடனே எடுக்கவும் முடியாது. எனக்கு இந்த மாதிரி உத்தரவுகள் புதிதில்லை. முப்பது வருடம் அரசாங்கத்தில் இருந்தவன்.

எங்கள் டாக்டரிடம் போனோம். மருந்தின் அளவைக் கூட்டினார். அடுத்த முகாமில் நூற்றெழுபத்தாறு. இரண்டு புள்ளி குறைந்திருக்கிறதே என்று நான் வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. அந்தக் கண் டாக்டர் என்னைத் தனியே அழைத்து, இனியும் தள்ளிப்போட்டால் புரை கனிந்து உள்ளே கண்ணின் அழுத்தம் ஏறும், அப்புறம் ஆபரேஷன் செய்தாலும் பார்வை வரும் என்று சொல்ல முடியாது என்றார். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. வீடு திரும்புகிற பஸ்ஸில், "கண்ணு போயிரும்னாரா?" என்று அவளே கேட்டாள். நான் ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

வினோதம் என்னவென்றால், வீட்டில் அவள் உட்கார்ந்து எழுந்தால் கிறுகிறுப்பு, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கிளினிக்குக்குப் போனால் பாதரசம் ஏணி வைத்து ஏறும். டாக்டரைப் பார்த்தாலே சிலருக்கு ஏறும் என்று டாக்டர் சொன்னார். அவரைப் பார்த்து ஏறும் அளவுக்கு அவரிடம் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பார்வை மங்கிய இவளுக்கு அவர் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

பெரம்பலூரிலிருந்து பிரித்த அரியலூர் மாவட்டத்தை மறுபடி பெரம்பலூரோடு சேர்த்திருந்த சமயம் அது. சேர்ப்பது அந்தக் காலத்து வழக்கமாக இருந்திருக்க வேண்டும். எங்கள் டாக்டரும் ஒருநாள் மேஜை இழுப்பறையைத் திறந்து, பளபளவென்று ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். "இனிமே ரெண்டு மாத்திரை வேண்டாம். ரெண்டு மருந்தையும் ஒரே மாத்திரையில வெச்சிருக்காங்க. காலையில ஒண்ணு, அவ்வளவுதான். மறக்கவே முடியாது பாருங்க."

எங்கள் ஆபீசில் இரண்டு கிளார்க் வேலையை ஒரு கிளார்க்கிடம் சேர்த்துக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை நான் அறிவேன். அவன் இரண்டையும் செய்யமாட்டான். "சார், இத்தனூண்டு மாத்திரைக்குள்ள ரெண்டும் முழுசா இருக்குமா?" என்று கேட்டேன். "இருக்கும் சார்." "அளவு குறையாதா?" "குறையாது சார்." "ஒண்ணு இன்னொண்ண அடிச்சிராதா?" டாக்டர் என் மனைவியைப் பார்த்தார். அவள், "நீங்க குடுங்க சார், அவரு அப்படித்தான்" என்று அட்டையை வாங்கிச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்துச் சோதனைக்குப் போனோம். நான்கு நாளில் அரியலூரில் கண் முகாம். அதற்குள் நல்ல கணக்கு வந்துவிட வேண்டும் என்பது என் தவிப்பு. டாக்டர் காற்றடித்தார். அவர் முகம் போன போக்கிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இருநூற்றுப் பத்து.

நான் அதுவரை சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். "நான் அன்னைக்கே சொன்னேன் சார். ரெண்டு மாத்திரை போட்டப்ப நூத்தி எண்பதுக்குள்ள இருந்தா. ஒண்ணாச் சேர்த்தீங்க, இருநூறு தாண்டிருச்சு. இது எந்த ஊரு கணக்கு? நீங்க பழையபடி பிரிச்சே குடுங்க. நாலு நாள்ல முகாம். இந்தத் தடவையும் திருப்பி அனுப்புனா இவ கண்ணு அவ்வளவுதான்."

கடைசி வாக்கியம் வாயிலிருந்து தவறி வந்துவிட்டது. அவளிடம் மறைத்து வைத்திருந்தது. நான் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினேன், மூன்று.

அப்போது என் மனைவி சுருக்குப் பையை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரு காகிதப் பொட்டலம். அதைப் பிரித்தால் அந்த மாத்திரை. "சார், பார்த்து முடிச்சிட்டீங்கல்ல? இப்பப் போட்டுக்கலாமா? கொஞ்சம் தண்ணி குடுக்கச் சொல்லுங்க."

"இப்பவா?" என்றார் டாக்டர். "ஏம்மா, காலையில போடலையா?"

"எப்படிங்க போடுறது? இன்னைக்கு நீங்க பார்க்கிற நாளு இல்லையா?"

"அதனால?"

"மாத்திரை போட்டுட்டு வந்தா பிரஷரு குறைவாக் காட்டும். உள்ளது உங்களுக்கு எப்படித் தெரியும்? அது பரீட்சையில பார்த்து எழுதிட்டுப் பாஸானேன்னு சொல்ற மாதிரி ஆயிடும்ல. மூணு நாளைக்கு முன்னாடியே நிறுத்திடுவேன் சார். உடம்புல இருக்கற மருந்து வடியணும்ல."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எப்போ இருந்து இப்படி?"

"ஆரம்பத்துல இருந்தேதான். முன்னாடி காலை மாத்திரைய மட்டும் நிறுத்துவேன். ராத்திரிது தூக்கத்துக்குன்னு நினைச்சுப் போட்டுக்குவேன். இப்ப ரெண்டையும் நீங்க ஒண்ணாக்கிட்டீங்க. ஒண்ண நிறுத்துனா ரெண்டும் நின்னுபோகுது. அதுக்கு நான் என்ன சார் பண்றது?"

கண் முகாம்களுக்கும் இதே ஏற்பாடுதானா என்று டாக்டர் கேட்டார். "அங்க மட்டும் பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்றாள் அவள். இத்தனை வருடமாக இந்த நாணயக்காரியின் உண்மையான பிரஷருக்காக டாக்டர் மருந்தைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்திருக்கிறார். மற்ற நாட்களில் அவள் அதைத் தவறாமல் விழுங்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கருவாடு சாப்பிடாதவர்களிடம் கருவாட்டைப் பற்றிக் கேட்ட மனிதர், காலையில் மாத்திரை போட்டாயா என்று ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.

அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். விருட்டென்று எழுந்து திரையை விலக்கி, வெளியே பெஞ்சில் இருந்தவர்களிடம் கேட்டார். "பிரஷர் பார்க்க வந்தவங்கள்ல இன்னைக்கு மாத்திரை போடாம வந்தது யாரு? கையத் தூக்குங்க."

ஒன்பது பேர். ஏழு கைகள் எழுந்தன. லெப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர், மகன் துபாயிலிருந்து அனுப்பிய மாத்திரைப் பெட்டியை மடியில் வைத்திருந்தவர், கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்: "நான் அஞ்சு நாளா நிறுத்திட்டேன் டாக்டர். அல்லாவுக்குப் பொதுவா சொல்றேன், இன்னைக்கு என் உடம்புல ஒரு சொட்டு மருந்து கிடையாது."

கை தூக்காத இருவரில் ஒரு அம்மாள் வேப்பந்தட்டைக்காரி. டாக்டர் அவளை நன்றியோடு பார்த்தார். "நீங்க போட்டுட்டு வந்தீங்களாம்மா?"

"ரெண்டு போட்டுட்டு வந்தேங்க. போன தடவ பிரஷர் கூட இருக்குன்னு திட்டுனீங்களே, இன்னைக்காவது நல்லாக் காட்டட்டும்னு."

டாக்டர் உள்ளே வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளரை என் மனைவிக்குக் கொடுத்து, எதிரிலேயே மாத்திரையைப் போடச் சொன்னார். அதில் உள்ள ஒரு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் இன்னும் துள்ளும், அந்தத் துள்ளலைத்தான் நாம் இத்தனை நாள் அளந்துகொண்டிருந்தோம் என்றார். அளவு குறைந்த கூட்டு மாத்திரையாக மாற்றி எழுதினார். தினமும் போட வேண்டும், முகாமுக்குப் போகிற காலையிலும் போட வேண்டும் என்று மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்.

முகாம் நாளன்று விடியற்காலையில் என் கண் முன்னால் போட்டாள். போட்டுவிட்டு, குற்றம் செய்தவள் மாதிரி பஸ்ஸில் அரியலூர் வரைக்கும் பேசாமல் வந்தாள். சிமெண்ட் லாரிகள் வரிசையாக எதிரே வந்தன. நான் எண்ணினேன், முப்பத்தாறு. பிரஷர் மேஜையில் இருந்த பெண் காற்றடித்துவிட்டு, "நூத்தி நாப்பது. சரியா இருக்கு" என்று எழுதப் போனாள். நான் மூச்சை விட்டேன். என் மனைவி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, உன்கிட்ட மறைக்க மாட்டேன். காலையில மாத்திரை போட்டிருக்கேன். அதான் குறைவாக் காட்டுது."

எனக்கு உயிர் போய் வந்தது. நல்லவேளை, அந்தப் பெண் அவசரக்காரி. "போட்டா நல்லதும்மா, அந்தப் பக்கம் போங்க" என்று தள்ளிவிட்டாள். வேனில் ஏறி உட்காரும் வரையில், "அது சரியா காதுல வாங்குச்சோ என்னவோ, இன்னொரு தடவ சொல்லிட்டு வரட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் நான் வேனில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஆபரேஷன். வராந்தாவில் நான் எத்தனை தடவை நடந்தேன் என்று எனக்கே தெரியாது. அதற்கடுத்த காலையில் நர்ஸ் வந்து கட்டைப் பிரித்தாள். மூன்று விரலைக் காட்டி, "எத்தனைம்மா?" என்றாள்.

"மூணு" என்றாள். "மோதிர விரல்ல நகம் ஒடைஞ்சிருக்கு."

பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். தலையிலிருந்து கால் வரைக்கும் நிதானமாக ஒரு தடவை.

"ஏங்க, சட்டைப் பட்டன மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு இப்படித்தான் ஊரெல்லாம் சுத்துனீங்களா?"

குனிந்து பார்த்தேன். மேலே ஒரு துளை மிச்சம், கீழே ஒரு பட்டன் மிச்சம். எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து போட ஆரம்பித்தேன். அந்த வார்டில் பன்னிரண்டு கட்டில். புதிதாகக் கண் தெரிந்த பன்னிரண்டு பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.