ஓதம் ஏறி இறங்கிய கண்ணாடித் தொட்டி

பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள தோணிரேவில் மீன் பிடிக்கும் குடும்பம் ஒன்று மீன் வளர்த்தது என்னும் செய்தியை எழுத்தில் வைத்துவிட வேண்டுமென்று சென்ற கிழமைதான் முடிவு செய்தேன். மீஞ்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் என் மகள் புதிதாக ஒரு மீன்தொட்டி வாங்கி வைத்திருக்கிறாள். அதைப் பார்க்க வந்த அண்டை வீட்டு நண்பரிடம் பழவேற்காட்டு ஏரிக்கரை மக்களும் இவ்வாறு மீன் வளர்த்ததுண்டு என்றேன். "அவங்களுக்கு மீனுன்னா கூடையில கீறதுதான் சார். வளக்கறதாவது!" என்று அவர் சிரித்தார். நான் மறுத்துரைத்தும் நம்பவில்லை. கண்ணால் கண்ட நானும் சொல்லாது விட்டால் அவருடைய சிரிப்பே வரலாறாகிவிடும் என்னும் அச்சம் இதனை எழுதத் தூண்டியது.

மற்றொரு தூண்டுதலும் உண்டு. அது ஒரு மணம். புதுத்தொட்டியின் நீர் மூன்றாம் நாள் அரிசி கழுவிய நீர் போல் கலங்கிற்று. மகள் வாளியும் கையுமாக வந்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதுநீர் நிரப்பப் போவதாகச் சொன்னாள். நான் தொட்டியருகே குனிந்தேன். நனைந்த கூழாங்கல்லும் ஊறிப்போன மீனுணவும் கலந்த ஒரு மெல்லிய வாடை. "கொட்டாதே அம்மா!" என்று என்னையறியாமல் கூவிவிட்டேன். நாள்காட்டியின் தாளைக் கிழிப்பதற்குக் கூட மற்றவரைக் கேட்கும் தந்தை இத்துணை உறுதியோடு பேசியது அவளுக்கு வியப்பாக இருந்திருக்கும். வாளியைக் கீழே வைத்தாள். நான் வெளியே வந்து அமர்ந்தேன். அந்த வாடை என்னைத் தேசம்மாள் வீட்டில் கொண்டு சேர்த்தது.

பணியில் சேர்ந்த புதிது. பழவேற்காட்டுப் பக்கத்துப் பள்ளியொன்றில் தமிழ் கற்பித்தேன். தோணிரேவில் தேசம்மாள் வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். மாடி என்பது பெருஞ்சொல். படிக்கட்டு ஒன்று மேலே சென்று, அங்கே வேறெதுவும் இல்லாமையால் ஓர் அறையில் முடிந்திருந்தது, அவ்வளவே. மறுநாள் பாடத்தை உரக்கச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். தேசம்மாள் கீழிருந்து குரல் கொடுப்பார்: "இன்னா வாத்தியாரே, தனியா பேசிக்கினு கீற? காத்து கீத்து அடிச்சிடுச்சா?"

கணவரை இழந்தவர், கூடை சுமந்து மீன் விற்றுப் பிள்ளையை வளர்த்தவர். அப்பிள்ளை ஏழுமலை ஏரியில் வலை வீசினான். உள்நாட்டில் நெல் விளைவிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த கலைவாணியை, பொன்னேரியில் பார்த்துப் பழகி, இரு வீட்டாரும் மனம் ஒப்பாத நிலையில் மணந்துகொண்டான். தேசம்மாள் ஒருவாறு ஒப்பினார். பெண் வீட்டார் ஒப்பவில்லை. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

நான் குடியேறிய ஆண்டில் அப்பெண்ணின் வயிற்றில் இருந்த கரு ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அதன்பின் அவள் பேசுவது குறைந்தது. வலையிலிருந்து இறால் பொறுக்கும்போதும், அடுப்படியில் இருக்கும்போதும், கை வேலை செய்யும். கண் வேறெங்கோ இருக்கும். ஏழுமலை ஒருநாள் சென்னைக்குப் போய், கொளத்தூரில் கண்ணாடித் தொட்டியும், கூழாங்கற்களும், காற்றூதும் கருவியும் (அதை வீட்டார் மோட்டார் என்றே வழங்கினர், என் சொல்லை யாரும் ஏற்கவில்லை), நீர் நிறைந்த பாலித்தீன் பையில் எட்டுப் பொன்மீன்களும் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினான்.

தேசம்மாள் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "கொழம்புக்கு ஆவுமா?"

"ஆவாதும்மா."

"பொரிச்சா?"

"யம்மா, இது பாக்கறதுக்கு."

"ஏரி பூரா மீன வச்சிக்கினு, பாக்கறதுக்குன்னு துட்டு குடுத்து மீனு வாங்கினு வந்த மொத ஆளு நீதான்டா. ஒங்க நைனா இருந்தா கடலுக்கே போயிருக்க மாட்டாரு, ஒன்னப் பாத்து சிரிச்சிக்கினே இருந்திருப்பாரு."

ஆயினும் தொட்டியை வைக்கத் தம்முடைய மரப்பெட்டியின் மேலிருந்த துணிமணிகளை அகற்றி இடம் கொடுத்தவர் அவரே. கலைவாணி தொட்டியின் முன் அமர்ந்தாள். பல நாள்களுக்குப் பின் அவள் கண் ஒரு பொருளைப் பின்தொடர்வதைக் கண்டோம்.

முதற்பிழை அன்றே நேர்ந்தது. ஏழுமலை ஏரிநீரை மொண்டு வந்து ஊற்றினான். கடலும் ஆறும் கலந்த உவர்நீர் அது. பொன்மீனோ நன்னீரில் வாழ்வது. ஒன்று சிறிது நேரத்தில் மல்லாந்தது. "ஏரித் தண்ணியில வாழாதது இன்னா மீனு!" என்று சினந்தான். பின்னர் லாரியில் வரும் குடிநீருக்கு மாறினான். எங்கள் பகுதியில் நிலத்தடி நீர் உப்பு. குடிக்கும் நீர் லாரியில் வந்தால்தான் உண்டு. குடங்களின் வரிசையும் அதில் நிகழும் சொற்போரும் தனிக்கட்டுரைக்கு உரியவை. பாடநூலில் இல்லாத எத்தனையோ அரிய சொற்களை நான் அவ்வரிசையில்தான் கற்றேன்.

இரண்டாம் பிழைதான் பெரியது. அதை ஏரிக்கரையில் பிறந்தவரன்றி வேறொருவர் செய்திருக்க முடியாது. பழவேற்காட்டு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால், ஓதம் உள்ளே வந்து போவது நின்று, நீர் தேங்கி, மீன் சாகும். ஊரார் திரண்டு மணலைத் தோண்டி வாயைத் திறந்துவிடுவர். நீர் ஏறவும் வற்றவும் வேண்டும் என்பது அவர்கள் குருதியில் கலந்த அறிவு. ஏழுமலை அதையே தொட்டிக்கும் பொருத்தினான்.

"நின்ன தண்ணி செத்த தண்ணி வாத்தியாரே. வாய் அடச்சிக்கிச்சின்னா ஏரியே நாறிப்பூடுது. இத்தனூண்டு பொட்டி இன்னாத்துக்கு ஆவும்? இதுக்கும் ஏத்தம் வத்தம் வோணும்ல?"

வாதத்தில் குற்றம் காண எனக்குத் தெரியவில்லை. ஏதுவும் எடுத்துக்காட்டும் செம்மையாக அமைந்திருக்கின்றன என்று பாராட்டினேன். அன்றுமுதல் காலையில் வற்றம், மாலையில் ஏற்றம். குழாயை வாயால் உறிஞ்சி நீர் முழுவதையும் வெளியேற்றுவான். கூழாங்கற்களைத் தேங்காய் நாரால் தேய்ப்பான். மோட்டாரோடு பொருந்திய, அழுக்கை வடிகட்டும் பஞ்சைப் பிழிந்து அலசுவான். கண்ணாடியை அவன் துடைத்த துடைப்பில் என் முகம் என்னைவிடத் தெளிவாகத் தெரியும். பின் புதுநீர். உணவோ, உலர்ந்த இறாலை இடித்துக் கைப்பிடியளவு தூவுதல். விருந்தோம்பலில் குறை வைக்கும் குடும்பமன்று அது. தொட்டி பளிங்கு போல் மின்னும், மீன்கள் நீரின் மேற்பரப்பில் வாய்பிளந்து நிற்கும், ஒவ்வொன்றாக மிதக்கும்.

செத்த மீனைக் கலைவாணி பூவரசிலையில் சுற்றி வேலியோரம் புதைப்பாள். கூடை கூடையாய் மீன் செதில் சீவும் ஊரில் இது எத்தகைய காட்சியாய் இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். லாரி வரிசையில் ஒருத்தி கேட்டாள்: "இன்னாடி கலைவாணி, இன்னிக்கு யாருக்கு எடுப்பு? சொல்லியனுப்பியிருந்தா நாங்களும் வந்து மாரடிச்சிருப்போமே!"

வீட்டுக்குள் தாமே மீன்களைக் கேலி பேசிய தேசம்மாள் குடத்தை இறக்கி வைத்தார். "எம்மருமவ மீனு. அவ அழுவா, பொதைப்பா, கருமாதி கூடப் பண்ணுவா. ஒனக்கு இன்னாடி நோவுது? ஒம்புருசன் செத்தா அழறதுக்கு ஆளு தேடினு கீறியா?"

அன்று மாலை கலைவாணி கணவனிடம் சொன்னது மாடிவரை கேட்டது. குரல் உயரவில்லை, வீடுதான் அமைதியாக இருந்தது. "இந்த வூட்டுல எங்கையில எதுவும் தங்க மாட்டேங்குது. இதுங்களும் போயிடுச்சின்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுறேன். சொல்லி அனுப்பிட்டேன். அண்ணன் வந்து கூப்பிட்டுக்கும்." போனால் திரும்பமாட்டாள் என்பது ஏழுமலைக்குத் தெரியும், தேசம்மாளுக்கும் தெரியும். அதன்பின் வீட்டில் யார் எழுந்தாலும் முதலில் தொட்டியைத்தான் பார்த்தனர். மீதமிருந்தவை இரண்டு.

அந்தக் கோடையில் ஊருக்கு வரும் சாலையில் ஒரு சிறுபாலம் இடிந்து விழுந்தது. வாரக்கணக்கில் லாரி வரவில்லை; பாலத்துக்கு அப்பாலிருந்து தலைச்சுமையாக வந்த நீர் குடிக்கவே போதவில்லை. தேசம்மாள் வீட்டில் ஒரு நீலப் பீப்பாயில் பாதியளவு நீர் இருந்தது. அதை மூடி, மூடியின்மேல் தாமே ஏறி அமர்ந்துகொண்டார். ஏழுமலை சொம்போடு வந்து நின்றான்.

"இதுலேர்ந்து ஒரு சொட்டு அந்தப் பொட்டிக்குப் போச்சி, கைய ஒடிச்சிப்பூடுவேன்."

"யம்மா, மீனு செத்துப்பூச்சின்னா அவ பூடுவாம்மா!"

"குடிக்கத் தண்ணியில்லாம நாம செத்துப்பூட்டா, அவ யார வுட்டுட்டுப் போவா? போடா."

ஏழுமலையால் அங்கே நின்று வழக்காடவும் இயலவில்லை. ஏரியில் வலையிடும் இடங்களை ஊரார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். அதற்குப் 'பாடு' என்று பெயர். அவர்களுடைய முறை வந்துவிட்டது. தவறவிட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். தாயையும் தொட்டியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பாடு முடியும்வரை அக்கரையிலேயே தங்குவதற்காகப் படகேறினான்.

கலைவாணி மாமியாரோடு வழக்காடவில்லை. தொட்டியின் முன் அமர்ந்து நெடுநேரம் எதையோ எண்ணினாள். பிறகு இறால்தூள் டப்பாவை எடுத்து மேற்பரணில் வைத்தாள். நான் ஏனென்று கேட்டேன். "மாத்தத் தண்ணி இல்ல சார். அழுக்காக்காம இருந்தாலாவது கொஞ்ச நாளு தாங்குமில்ல?" என்றாள். அதன்பின் விரல்நுனியில் ஒட்டுமளவே உணவு, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். கல்லைத் தேய்க்கவில்லை, பஞ்சைப் பிழியவில்லை. தேய்க்கவும் பிழியவும் நீர் ஏது?

நீர் கலங்கிற்று. வாடை எழுந்தது, மகளின் தொட்டியில் நான் முகர்ந்தது அதுவே. மீன்கள் மேலே வந்து வாய்பிளந்தன. தேசம்மாள் தொட்டிப் பக்கம் திரும்பாமல் பீப்பாய்மேல் அமர்ந்து வெற்றிலை மென்றார். ஆனால் கலைவாணி வெளியே சென்ற ஒரு வேளையில், அவர் எழுந்து போய்க் கண்ணாடியில் விரலால் தட்டி, "தே, செத்துக்கித்துத் தொலைக்காதீங்க" என்று அதட்டியதை நான் படியிலிருந்து பார்த்தேன்.

ஒரு காலை நீர் தெளிந்திருந்தது. துடைத்த தெளிவன்று, சற்றே பழுப்பேறிய, அமைதியான தெளிவு. கற்களில் வழுவழுப்பான மெல்லிய படலம். இரு மீன்களும் அடியில் இறங்கிக் கல்லைக் கொத்திக்கொண்டிருந்தன.

இதன் காரணத்தை நான் மிகப் பிற்காலத்தில் அறிந்தேன். புதுத்தொட்டியின் கல்லிலும் பஞ்சிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் சில வாரங்களில் குடியேறுமாம். மீனின் கழிவில் எழும் நஞ்சை அவையே மாற்றி நீரை வாழத்தக்கதாக்குமாம். அதுவரை மீன் குறைவாகவும் உணவு அதனினும் குறைவாகவும் இருக்க வேண்டும்; மாற்றுவதாயின் நீரில் ஒரு பகுதியை மட்டும் மாற்ற வேண்டும். பஞ்சை அலசினாலும் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். ஏழுமலையின் இருவேளை ஓதம் அவ்வுயிர்களைக் குடியேறவிடாமல் நாள்தோறும் அடித்துச் சென்றிருக்கிறது. அவன் அன்பில் குறையில்லை. தொட்டி ஏரியன்று, அவ்வளவே.

பாலம் சீராகும் முன்பே கலைவாணியின் அண்ணன் மிதிவண்டியைத் தோளில் சுமந்து பள்ளத்தைக் கடந்து வந்து சேர்ந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்வதா, அவர் வருவாரா என்று யாருக்கும் தெரியவில்லை. தேசம்மாள் முதலில் அசைந்தார். பீப்பாயைத் திறந்து, ஒரு சொம்பு நிறைய மொண்டு நீட்டினார். அண்ணன் குடித்தார். பிறகு தேசம்மாள் உள்ளே போய் உலர்ந்த இறாலை ஒரு பையில் கட்டிக்கொண்டு வந்து மருமகள் துணிகளைக் கட்டி வைத்திருந்த பையின் அருகே வைத்தார். "பொறந்த வூட்டுக்கு வெறுங்கையோட போவாத" என்றார்.

"கெளம்பு கலை. அம்மா வாசல்லயே நின்னுகினு கீது" என்றார் அண்ணன்.

கலைவாணி தொட்டியைக் காட்டினாள். "இது ரெண்டும் பொழச்சிக்கிச்சிண்ணா."

"அப்ப தூக்கு. வண்டியில வச்சிக் கட்டிக்கலாம்."

"இல்லண்ணா. இப்பதான் தண்ணி படிஞ்சிகீது. அசைச்சா தாங்காது." இறால் பையை எடுத்து அவரிடம் நீட்டி, "அம்மாவ இங்க ஒருதரம் வரச்சொல்லு. எங்கையால சோறு ஆக்கிப் போடறேன்னு சொல்லு" என்றாள்.

அண்ணன் மிதிவண்டியைத் திருப்பினார். பின் இறால் பையை மட்டும் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போனார். பின்னர் ஏழுமலை ஏரியிலிருந்து திரும்பினான். அவன் கட்டப்பட்டுக் கிடந்த பையையும், தொட்டியில் திரிந்த மீன்களையும், அடுப்படியிலிருந்து வந்த மனைவியையும் பார்த்தான். குழாயை எடுக்கக் கை போயிற்று. "தொட்டா பாரு" என்று இரு பெண்களும் ஒருசேரக் கத்தினர்.

லாரி மீண்டும் வரத் தொடங்கிய பின் ஒரு பிற்பகலில் கலைவாணியின் தாய் வந்தார். சேற்றுவயலில் நடந்து பழகிய கால்கள், எங்கள் தெரு மணலில் தடுமாறி வந்தன. உள்ளே வந்தவரும் தேசம்மாளும் தொட்டியின் முன் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்தனர். மீன்கள் போயின, வந்தன. கடைசியில் தேசம்மாள் தொண்டையைக் கனைத்தார்.

"ஒம்பொண்ணு வளத்தது" என்றார்.

அடுத்த ஆண்டு எனக்கு வேறூருக்கு மாற்றல் வந்தது. இன்று அந்த வீடு இல்லை. அவ்விடத்தில் வேறொருவர் கட்டிய கட்டடம் நிற்கிறது. தேசம்மாள் மறைந்தார் என்று கேள்வியுற்றேன். ஏழுமலையும் கலைவாணியும் ஒரு மகளோடு எளாவூர்ப் பக்கம் குடிபெயர்ந்தார்கள் என்று ஒருவரும், வடசென்னையில் இருக்கிறார்கள் என்று மற்றொருவரும் சொல்கின்றனர். அண்மையில் தோணிரேவு சென்றபோது, அத்தெருவில் ஐந்தாறு வீடுகளில் கேட்டேன். தேசம்மாளை அறிந்தவர் இருவர் இருந்தனர். அத்தொட்டியைக் கண்டவர் எவரும் இல்லை.

நெடுங்காலத்துக்கு முந்தைய நிகழ்ச்சிகள் இவை. மீன்களின் எண்ணிக்கையிலோ, பாலம் இடிந்த பருவத்திலோ, நீரியல் பற்றிய என் அரைகுறை விளக்கத்திலோ பிழை நேர்ந்திருக்கலாம். அறிந்தோர் திருத்துக. அவ்வீட்டார் கண்ணில் இது படுமாயின், அந்த இரு மீன்களும் எத்தனை காலம் வாழ்ந்தன என்பதையும் தெரிவித்தால், இக்கட்டுரையில் விடுபட்ட அவ்வொரு வரியைச் சேர்த்துக்கொள்வேன்.