கண்ணாடிக்கு மேல் ஒரு பச்சை விளக்கு

என் அத்தான் முடிதிருத்துகிறவர். கீழே கடை, மேலே வீடு. வீடு என்றால் ஒரே ஒரு பெரிய அறைதான். அதிலும் பாதியை அவருடைய பொம்மை ரயில் பிடித்துக்கொண்டது; மீதிப் பாதியில் அக்காவின் கட்டில். தெருவில் அவரை 'ஸ்டேஷன் மாஸ்டர்' என்று கேலி செய்வார்கள். அவரோ அதைப் பட்டம் கொடுத்த மாதிரி வாங்கிக்கொள்வார். ரயில் பேச்சை எடுத்தால் வாயை மூடமாட்டார். அவரிடம் எனக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

ரயில் ஓடும் மேசை மேல் தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடங்களில் நாக்குப் போல ஒரு மெல்லிய இரும்புத் துண்டு இருக்கும். மேசை ஓரத்துச் சுவிட்சைத் தட்டினால் அது நகர்ந்து ரயிலை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்பிவிடும். மேசை முன்னால் உட்கார்ந்து பார்த்தால் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு பிரிவிலும் தீக்குச்சி உயரத்துக்கு ஒரு சிக்னல் நட்டார். நேர்வழி என்றால் பச்சை, பக்கவழி என்றால் சிவப்பு.

ஒருநாள் பச்சையை நம்பி ரயிலை விட்டார். அது பக்கவழியில் புகுந்து, அங்கே சிவனே என்று நின்றிருந்த இன்ஜினை மோதிக் கீழே தள்ளியது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுவிட்சைத் தட்டியதும் விளக்கு மாறியிருக்கிறது. நாக்கை இழுக்கும் கம்பி அறுந்திருந்ததால் நாக்கு மட்டும் அசையவில்லை. அன்றைக்கே எல்லா ஒயரையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, நாக்கு போய்த் தண்டவாளத்தைத் தொட்டால்தான் விளக்கு எரியும்படி மாற்றினார்.

"சுவிட்ச் சொல்றத நம்பக் கூடாது மச்சான். நாம என்ன போட்டோம்னுதான் அது சொல்லும். எங்க நிக்குறோம்னு நாக்கே சொல்லணும்" என்றார்.

அப்புறம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. இன்னொரு தடவை வரக்கூடும், வந்தால் கொஞ்சமும் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு வரவேண்டும், இல்லாவிட்டால் தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கடையை மூடினால் அடுப்பு எரியாது. அத்தான் யோசித்துப் பார்த்து, தனக்குத் தெரிந்ததைச் செய்தார். கட்டிலின் இடது பக்கம் ஒரு சுவிட்ச், கடைக் கண்ணாடிக்கு மேல் இரண்டு விளக்கு. நன்றாக இருந்தால் பச்சை. முடியவில்லை என்றால் அக்கா தட்டுவாள், சிவப்பு எரியும்.

முதல் தடவை சிவப்பு எரிந்தபோது கத்தியைப் போட்டுவிட்டு ஓடினார். தண்ணீர் தாகம், அவ்வளவுதான். அதற்குள் பாதி முகம் சவரமான ஆள், நுரையோடு எழுந்து, தெருவே கேட்கும்படி திட்டிவிட்டுப் போனான். மேலே படுத்திருந்தவளுக்கும் அது கேட்டது. அவளே சுவிட்சைத் தட்டிப் பச்சைக்கு மாற்றினாள்.

அதற்குப் பிறகு பச்சை மாறவேயில்லை. நான் பார்க்கப் போன ஒருநாள் அக்கா தலைவலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். சுவிட்சைத் தட்டப் போனேன். இடது கையால் என் கையைத் தள்ளிவிட்டாள். கீழே சுட்டிக்காட்டி, கன்னத்தில் விரலால் மழிப்பதுபோல இழுத்துக் காட்டினாள். இறங்கி வந்து அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உடனே மேலே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் அவர் வருவதற்குள் அக்கா முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"சிரிக்குறாளே. முடியலைன்னா தட்டமாட்டாளா?" என்றார்.

விடுமுறை நாள் ஒன்றில் கடையில் கூட்டம் நெரிந்தது. அத்தான் காலையிலிருந்து நிமிரவில்லை. நிமிர்ந்தபோதெல்லாம் பச்சையைத்தான் பார்த்தார். கடைசி ஆளை அனுப்பிவிட்டு மேலே போனால் டம்ளர் கவிழ்ந்து கிடந்தது. சிந்திய தண்ணீர் காய்ந்தே போயிருந்தது. அசைவற்றுக் கிடந்த அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எப்போதிருந்து இப்படி இருக்கிறாள் என்று டாக்டர் கேட்டார்.

"பச்சைதான் எரிஞ்சுது டாக்டர்" என்றார் அத்தான். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு துண்டு இரும்பை நம்பாத மனுஷன், தொட்டுப் பார்த்தால்தான் ஆச்சு என்று நின்ற மனுஷன், இவளை மட்டும் சுவிட்சை வைத்தே நம்பிவிட்டார். அது அவருக்கே தெரிந்திருந்தது என்பதை அவர் முகமே சொன்னது.

அக்காவுக்கு இடது கையும் போய்விட்டது. கண் மட்டும் அசையும், அதிலும் எங்களைத் தெரிகிறதா என்று சொல்ல முடியவில்லை. இனி இவ்வளவுதான் என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அத்தான் ஒவ்வொரு தலைக்கும் நடுவில் மாடி ஏறி இறங்குகிறார். காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். ரயில் மேல் தூசி படிந்து கிடக்கிறது.

கடைக் கண்ணாடிக்கு மேல் பச்சை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பார்க்கச் சகிக்காமல் போன வாரம் மேலே போய்ப் பச்சையை அணைக்கச் சுவிட்சைத் தட்டக் கை நீட்டினேன். அக்காவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தான் திரும்பாமலே சொன்னார்.

"விடு மச்சான். அது அவ போட்டது."